அமுக்கரா நல்ல மருந்துதான். உங்களுக்கு இப்போது வேண்டாம்

கேள்வி:

"வணக்கம் டாக்டர். எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் வெளிநாட்டு பையரோடு போன் கால் முடிந்து வீடு வர ராத்திரி ஒன்பது மணி. ஷிப்மென்ட் சமயம் என்றால் பத்து, பதினொன்று. ஏழெட்டு மாதமாக உடம்பில் எப்போதும் ஒரு படபடப்பு. படுத்ததும் தூங்கிவிடுகிறேன். ஆனால் மூன்று மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது மாதிரி விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமே இல்லை. சின்ன விஷயத்துக்கும் பையன்மேல் எரிந்து விழுகிறேன். முடி கொட்டுகிறது. ஆறு வருடமாகத் தைராய்டு மாத்திரை (75 மைக்ரோகிராம்) போடுகிறேன். காலையில் அதைப் போட்டதும் காபி குடித்துவிட்டுத்தான் சமையலறைக்கே போவேன். கடைசியாக டெஸ்ட் எடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆபீஸில் ஒரு தோழி அசுவகந்தா கேப்ஸ்யூல் சாப்பிட்டு நன்றாகத் தூங்குவதாகச் சொன்னாள். ஆன்லைனில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்தது, இரண்டு பாட்டில் வாங்கிவிட்டேன். 'அடாப்டோஜென் மூலிகை, ஸ்ட்ரெஸ்ஸைத் தாங்கும் சக்தி தரும், பக்க விளைவு இல்லை' என்று போட்டிருக்கிறது. தைராய்டு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா? சர்க்கரைக்கு மாத்திரை போடும் என் கணவரும் பத்து நாளாக அதில் ஒன்று எடுத்துக்கொள்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகனுக்கும் பரீட்சை டென்ஷனுக்குக் கொடுக்கலாமா?"

– வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் சித்த மருத்துவன். நீங்கள் வாங்கியிருக்கும் அசுவகந்தாவை நாங்கள் அமுக்கரா என்போம். என் மருந்து அலமாரியில் கைக்கு எட்டுகிற தட்டில் இருக்கும் சூரணம் அது. இருபது வருடத்துக்கும் மேலாக வாரம் தவறாமல் யாருக்காவது எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நானே சொல்கிறேன்: நீங்கள் பாட்டிலை மூடி வையுங்கள். உங்கள் கணவர் இன்று ராத்திரியிலிருந்தே நிறுத்திவிட்டு, அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். மகனுக்கு வேண்டவே வேண்டாம்.

காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. தைராய்டு மாத்திரை, 75, ஆறு வருடம், டெஸ்ட் எடுத்து ஒரு வருடத்துக்கு மேல். கடிதத்தை இரண்டாவது முறை படிக்கும்போது நான் அடிக்கோடு போட்டது அதற்குத்தான்.

படபடப்பு, பாதி ராத்திரியில் விழிப்பு, எரிச்சல், முடி உதிர்தல். இவை வேலைப் பளுவால் வரலாம். தைராய்டு மாத்திரையின் அளவு உடம்புக்கு அதிகமாகிப் போனாலும் இதே நான்கும் வரும். உடல் எடை மாறினால், சாப்பாட்டு நேரம் மாறினால், மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கினால், முன்பு சரியாக இருந்த அளவு இப்போது கூடுதலாகவோ குறைவாகவோ ஆகியிருக்கலாம். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் அதிகமாகப் போய் ரத்தம் குறைந்திருந்தாலும் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும். இத்தனையையும் 'ஸ்ட்ரெஸ்' என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டோம். இந்த விஷயத்தில் என் போன்றவர்கள் மீதும் தப்பு இருக்கிறது. "டென்ஷன்தாம்மா, ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவது எங்களுக்குச் சுலபம்.

இப்போது அமுக்கராவுக்கு வருகிறேன். இந்த வேர் தைராய்டைத் தூண்டும். 2018ல் வெளியான ஒரு இந்திய ஆய்வில், தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 600 மில்லிகிராம் வேர் எக்ஸ்ட்ராக்ட் (வேரின் சத்தைப் பிரித்துச் செறிவாக்கியது) எட்டு வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு டி.எஸ்.எச். (தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்) இறங்கியது, தைராய்டு ஹார்மோன்கள் ஏறின. மாத்திரை எதுவும் போடாதவருக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம். நீங்கள் ஏற்கெனவே வெளியிலிருந்து 75 மைக்ரோகிராம் ஹார்மோன் வாங்கிக்கொண்டிருப்பவர். அதன்மேல் இதையும் சேர்த்தால் அளவு எங்கே போய் நிற்கும் என்று டெஸ்ட் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. படபடப்பைக் குறைக்க வாங்கிய கேப்ஸ்யூலே படபடப்பைக் கூட்டலாம். அப்போதும் நீங்கள் வேலையைத்தான் திட்டுவீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், கேப்ஸ்யூலைவிட இதனால் உங்களுக்குப் பலன் அதிகம் என்று நினைக்கிறேன். மாத்திரை போட்டதும் காபி குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காபி அந்த மாத்திரையைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகள் இன்னும் மோசம். அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாள் மாத்திரை முழுதாகச் சேரும், ஒரு நாள் பாதிதான் சேரும். விடுமுறை நாளில் காபி தாமதமானால் திடீரென்று முழு அளவும் உள்ளே போகும். உடம்பு எதற்குத்தான் பழகிக்கொள்ளும்? எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. வீட்டில் முதலில் எழுந்து அடுப்பு பற்றவைப்பவர் நீங்கள்தான் என்று தெரிகிறது, காபி வாசனை வந்த பிறகு ஒரு மணி நேரம் காத்திருப்பது பெரிய தவம். படுக்கைப் பக்கத்திலேயே மாத்திரையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு, கண் விழித்த உடனே போட்டுவிட்டால் பாதி நேரம் குளியலிலேயே போய்விடும்.

இனி அந்தப் பெரிய சொல், அடாப்டோஜென்.

இந்தச் சொல் நம் ஓலைச்சுவடியில் இல்லை. சோவியத் யூனியனில் நிகோலாய் லாசரேவ் என்ற மருந்தியலாளர் 1947ல் உண்டாக்கியது. அதற்குப் பதினோரு வருடம் முன்னால், 1936ல், கனடாவில் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்பவர் எலிகளைக் குளிரிலும் காயத்திலும் ஓயாத ஓட்டத்திலும் வாட்டிப் பார்த்து, துன்பம் எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டுகிறது என்று எழுதியிருந்தார். முதலில் திடுக்கிடும், பிறகு தாக்குப்பிடிக்கும், கடைசியில் ஓய்ந்துபோகும். அந்த நடுக் கட்டத்தை, அதாவது தாக்குப்பிடிக்கும் காலத்தை நீட்டிக்க ஒரு மருந்து கிடைக்காதா என்ற தேடலில் பிறந்ததுதான் லாசரேவின் சொல். அவருக்குப் பின் விளாதிவஸ்தோக்கில் இஸ்ரேல் பிரெக்மன் ஜின்செங்கை ஆராய்ந்தார். ஜின்செங் விலை அதிகம் என்பதால் ரஷ்யாவின் தூரக் கிழக்குக் காடுகளில் கொட்டிக் கிடந்த எலூதெரோகாக்கஸ் என்ற முட்செடிக்குப் போனார். அடாப்டோஜென் என்றால் உடம்புக்குக் கேடு செய்யக்கூடாது, எந்தத் துன்பத்தையும் பொதுவாகத் தாங்க வைக்க வேண்டும், ஏறியதை இறக்கி இறங்கியதை ஏற்றிச் சமன் செய்ய வேண்டும் என்று இலக்கணம் வகுத்தவர் அவர்தான்.

இந்த வரலாற்றை உங்களிடம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அவர்கள் தேடியது நோயாளிக்கு மருந்தை அல்ல. நல்ல உடம்போடு இருக்கும் ஒரு தொழிலாளி, ஒரு மாலுமி, ஒரு விளையாட்டு வீரன் களைக்காமல் இன்னும் கொஞ்சம் உழைக்க என்ன கொடுக்கலாம் என்பதே கேள்வி. ஷிப்மென்ட் வாரத்தில் அதே கேள்வியோடுதான் நீங்களும் ஆன்லைனில் தேடியிருப்பீர்கள். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008ல் இந்தச் சொல்லை அலசிப் பார்த்து, மருந்தியல் வகையாக ஏற்கும் அளவுக்கு அது தெளிவாக இல்லை என்று ஒதுக்கி வைத்தது. அதை வைத்துக்கொண்டு மூலிகைகளே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டிலில் பெரிய எழுத்தில் இருக்கும் 'அடாப்டோஜென்' விளம்பரச் சொல்லுக்கும் மருத்துவச் சொல்லுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் மரபில் இதற்கு அருகில் வருவது கற்பம். நரை திரை மூப்பைத் தள்ளிப்போட்டு, உடம்பை இறுக்கமாக வைக்கும் மருந்துகளைக் கற்பம் என்பார்கள். ஆனால் கற்பத்துக்கு முன்னால் வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும், பத்தியம் காக்க வேண்டும், உணவு, உறக்கம், உறவு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. இரவு பதினோரு மணி வரை வேலை பார்த்துவிட்டு நடுவில் ஒரு கற்பம் விழுங்கு என்று எந்தச் சித்தரும் சொல்லவில்லை.

பக்க விளைவு இல்லை என்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். அப்படியானால் எங்கள் நூல்கள் பக்கம் பக்கமாகச் சுத்தி முறை எழுதி வைத்தது எதற்கு? அமுக்கராவை அப்படியே இடித்துக் கொடுக்கும் வழக்கம் இல்லை. பாலில் பிட்டவியல் செய்ய வேண்டும். ஒரு பானையில் பாதிக்குப் பால் ஊற்றி, வாயில் துணி கட்டி, வேர்த்தூளைப் பாலில் பிசைந்து அதன்மேல் வைத்து, புட்டு அவிப்பது போல ஆவியில் வேக வைத்து, பிறகு உலர்த்திப் பொடிப்போம். மாணவனாக இருந்தபோது இதைச் செய்யும் நாளில் கல்லூரி மருந்து செய்முறைக் கூடத்தில் நிற்கவே முடியாது. குதிரை லாயத்தின் நாற்றம். அசுவம் குதிரை, கந்தம் மணம். பேர் வைத்தவர் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகு அமுக்கரா சூரணம். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு. இரட்டித்துக்கொண்டே போவதைப் பாருங்கள். எல்லாம் சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவு சர்க்கரை. வேர் கொஞ்சம் மந்தம் தரும், அதனால் அதைச் செரிக்க வைக்கச் சுக்கு, மிளகு, திப்பிலி. மெலிந்து போனவர்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள், உடம்பு வலியோடு தூக்கம் கெட்டவர்கள், இவர்களுக்குத் திரிகடி அளவு, அதாவது மூன்று விரல் நுனியில் எடுக்கும் அளவு, இரவில் பாலோடு கொடுப்பேன். ஒரு மண்டலம். 48 நாள் முடிந்தால் நிறுத்திவிட்டு வந்து காட்டச் சொல்வேன்.

நீங்கள் வாங்கியது இந்தச் சூரணம் இல்லை. எக்ஸ்ட்ராக்ட். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 600 மில்லிகிராம், 5 சதவீதம் விதனோலைடு என்ற மாதிரி ஏதாவது இருக்கும். விதனோலைடு என்பது வேரின் வேலை செய்யும் சத்து. வெறும் வேர்ப்பொடியில் அது பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆக, எடைக்கு எடை பார்த்தால் கேப்ஸ்யூலில் இருப்பது பாட்டி கொடுத்த பொடியின் பல மடங்கு. 'ஆயிரக்கணக்கான வருடமாக நம் முன்னோர் சாப்பிட்டது' என்ற வாக்கியத்தைப் பொடிக்குச் சொல்லலாம். எக்ஸ்ட்ராக்டுக்கு அது பொருந்தாது; அதற்கு வயது சில பத்தாண்டுகள்தான்.

இலை விவகாரம் வேறு இருக்கிறது. வேரைத் தோண்டி எடுத்து உலர்த்துவது செலவு. இலை சும்மா கிடைக்கும், அதிலும் விதனோலைடு இருக்கிறது. அதனால் இலையைச் சேர்த்து எக்ஸ்ட்ராக்ட் செய்யும் பழக்கம் பரவியது. இலையில் விதாஃபெரின் என்ற பொருள் அதிகம், அது செல்களுக்கு நச்சு. ஆயுஷ் அமைச்சகம் 2021ல் அசுவகந்தா இலையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி மருந்து தயாரிப்பாளர்களுக்கு எழுதியது. ஆகவே எதை வாங்கினாலும் வேர் மட்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில் ஆயுஷ் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கிறதா, இல்லை 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும்தானா என்றும் பாருங்கள். பின்னது உணவுப் பொருளுக்கான உரிமம். அதாவது சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாங்கியது மருந்தே இல்லை.

இது வெறும் பேச்சில்லை என்பதற்கு ஒரு சம்பவம். ஜிம்முக்குப் போகும் இளைஞர் ஒருவர், முப்பது வயதுக்குள்தான், அரிப்பும் கண்ணில் மஞ்சளுமாக வந்தார். கீழாநெல்லி கேட்டு வந்தார். மஞ்சள் காமாலை என்றால் எங்களிடம் வருவது வழக்கமாயிற்றே. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மூன்று தடவை கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். கிளம்பும்போதுதான் ஐந்து வாரமாக அசுவகந்தா எடுப்பதைச் சொன்னார். "ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றதற்கு, "அது மருந்தில்லையே சார், சப்ளிமென்ட்தானே" என்றார். குடல், கல்லீரல் டாக்டரிடம் அனுப்பினேன். நிறுத்தியதும் இரண்டு மாதத்தில் தேறிவிட்டார்.

எல்லோரும் அப்படித் தேறுவதில்லை. ஐஸ்லாந்தும் அமெரிக்காவும் சேர்ந்து 2020ல் இப்படிப்பட்ட ஐந்து பேரைப் பதிவு செய்தன. 2023ல் இந்தியாவிலிருந்தே கல்லீரல் மருத்துவர்கள் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களின் நிலைதான் அதில் மோசமாகப் போனது. அதே 2023ல் டென்மார்க் அசுவகந்தாவைத் தன் நாட்டில் தடையே செய்துவிட்டது. சாப்பிடும் கோடிக்கணக்கான பேரோடு ஒப்பிட்டால் இது அபூர்வம்தான். ஆனால் வருவது யாருக்கு என்று முன்கூட்டி அறிய வழியில்லை. பெரும்பாலும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வரும். உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் டீ நிறத்தில் போவது, கண் வெள்ளையில் மஞ்சள், சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். உங்கள் தோழிக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நடுவில் சீந்தில் கொடியையும் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து யாராவது உங்களுக்கு அதைத்தான் சொல்வார்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று ஊரே குடித்தது. அப்போது மும்பையில் ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மருத்துவர்கள் 2021ல் எழுதினார்கள். தைராய்டு குறைவு பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவதால் வரும் நோய். அப்படிப்பட்டவர்கள் எதிர்ப்பு சக்தியைக் 'கூட்டும்' எந்த மூலிகையையும் தாமாக எடுக்கக் கூடாது.

சரி, அமுக்கரா வேலையாவது செய்யுமா? செய்யும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2012ல் ஐதராபாத்தில் நாள்பட்ட மன அழுத்தம் உள்ள 64 பேரிடம் செய்த ஆய்வில், 300 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்டை தினம் இரண்டு வேளை, 60 நாள் எடுத்தவர்களுக்கு அழுத்த மதிப்பெண் நன்றாக இறங்கியது. ரத்தத்தில் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது. பிறகு வந்த சில ஆய்வுகளிலும் தூக்கம் கொஞ்சம் மேம்பட்டது. செடியின் லத்தீன் பெயரிலேயே 'சோம்னிஃபெரா' இருக்கிறது, தூக்கம் கொண்டுவருவது என்று பொருள். ஆனால் இவை சிறிய ஆய்வுகள், இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடுகிறவை. வேறு நோயும் வேறு மாத்திரையும் இல்லாதவர்களைத்தான் பெரும்பாலும் சேர்ப்பார்கள். உங்கள் வீட்டில் மாத்திரை இல்லாதவர் பையன் ஒருவன்தான்! எங்கள் மண்டலக் கணக்கு 48 நாள், ஐதராபாத்காரர்கள் கணக்கு 60 நாள். பாட்டில் தீர்ந்ததும் அடுத்தது ஆர்டர் போடு என்று இருவருமே சொல்லவில்லை.

கணவர் விஷயம் அவசரம் என்றதற்குக் காரணம், இந்த வேர் ரத்தச் சர்க்கரையையும் இறக்கக் கூடியது. சர்க்கரை மாத்திரையில் சில வகை தானாகவே தாழ்சர்க்கரைக்கு இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் சேர்ந்தால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகிற நாளில் கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, தலை சுற்றும். வண்டி ஓட்டுகிறவர் என்றால் சொல்லவே வேண்டாம். பத்து நாளில் அப்படி ஏதாவது நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஆண்கள் கேட்காமல் சொல்லமாட்டார்கள். பி.பி. மாத்திரையும் போடுகிறார் என்றால் அதுவும் கொஞ்சம் இறங்கும். 'சரி, கேப்ஸ்யூல் வேண்டாம், நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா சூரணம் வாங்கிக்கொள்கிறேன்' என்று அவர் கிளம்பினால், மேலே நான் சொன்ன பங்கை நினைவுபடுத்துங்கள். அதில் பாதி சர்க்கரை.

மகனுக்கு வருவோம். பதினேழு வயதுப் பையனுக்குப் பரீட்சை பயம் வருவது நோயில்லை. வல்லாரை, நீர்ப்பிரமி என்று யாராவது சொல்வார்கள். நீர்ப்பிரமியை வைத்துச் செய்த ஞாபகசக்தி ஆய்வுகள் பெரும்பாலும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தவை. பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால் ஆரம்பித்தால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். 'பிராமி' என்று போட்ட பாட்டிலில் இருப்பது எது என்பதே சந்தேகம், வடக்கே சில ஊர்களில் வல்லாரையையும் பிராமி என்றுதான் சொல்கிறார்கள். வல்லாரைக் கீரை கிடைத்தால் வாரம் ஒரு நாள் துவையல் அரைத்துப் போடுங்கள், உளுந்தும் வரமிளகாயும் புளியும் வைத்து, நல்லெண்ணெய் விட்டு. அது சாப்பாடு. அதற்கு மேல் அவனுக்குத் தேவை எட்டு மணி நேரத் தூக்கமும், இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும் அம்மா எரிந்து விழாமல் இருப்பதும். கடைசியை நான் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் உங்களுக்கே அதிகம் வலித்த வரி அதுதான் என்று எனக்குப் பட்டது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே காலை வெறும் வயிற்றில், அன்றைய தைராய்டு மாத்திரை போடுவதற்கு முன், டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஹீமோகுளோபின், சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை எடுத்துவிடுங்கள். முடிவைத் தைராய்டு மாத்திரை எழுதிய டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ அவர் வேலை. அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். படபடப்பு அந்தக் காலத்திலேயே அடங்கிவிட்டால் அமுக்கராவின் புகழை நாம் இருவரும் வேறு யாருக்காவது பாடிக்கொள்ளலாம்.

டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்து, படபடப்பும் விழிப்பும் அப்படியே இருந்தால், அப்போது அமுக்கராவைப் பற்றிப் பேசலாம். அதையும் பாட்டிலை வைத்து நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கும், போய்ப் பட்டம் பெற்ற மருத்துவரிடம் நாடி காட்டி, தைராய்டு மாத்திரையைச் சொல்லி வாங்குங்கள். சூரணமும் அங்கேயே இலவசமாகக் கொடுப்பார்கள். ஆறாவது வாரம் டி.எஸ்.எச்., மண்டலம் முடிந்ததும் நிறுத்தம். இதற்கு ஒப்புக்கொண்டால்தான் நான் என் நோயாளிகளுக்கே கொடுப்பேன்.

மூன்று மணி விழிப்புக்கு இப்போதே செய்யக்கூடியவை சில. கார்டிசோல் நம்மை எழுப்பும் ஹார்மோன். நடு ராத்திரியில் அடிமட்டத்தில் இருந்துவிட்டு பின்னிரவில் மெல்ல ஏற ஆரம்பிக்கும், விழித்து அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போகும். சாதாரணமாக அந்த ஏற்றம் நம்மை எழுப்பாது. மனசு ஏற்கெனவே விளிம்பில் இருந்தால் முதல் படியிலேயே கண் திறந்துவிடும். திறந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஊகிக்கிறேன்: போனை எடுத்து, பையரிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். நியூயார்க்கில் அப்போது மாலை. அங்கே இருப்பவர்கள் வேலை முடித்துக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் உங்கள் தலையில் தட்டிவிட்டுப் போகும் நேரம். போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள், அலாரத்துக்கு இருநூறு ரூபாய்க் கடிகாரம் போதும். விழித்தால் மணி பார்க்காதீர்கள். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விட்டு, நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு வருகிற மாதிரி பத்து நிமிடம் கிடங்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து எதையாவது படியுங்கள், ஆபீஸ் சம்பந்தம் இல்லாததாக.

காபி. கோடையில் நியூயார்க்கின் காலை ஒன்பது நமக்கு மாலை ஆறரை. அந்தக் காலுக்கு உட்காரும் முன் ஒரு காபி என்பது திருப்பூரில் அநேகமாக எல்லா ஆபீஸிலும் நடக்கிற பூஜை. ஆறரைக்குக் குடித்த காபியின் காஃபீனில் பாதி ராத்திரி பதினொன்றரைக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் தலைவலி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுக்கு மல்லி காபியைப் பழகிக்கொண்டவர்கள் உண்டு. கையில் சூடாக ஒரு டம்ளர் இருந்தால் போதும் என்பதுதான் பாதி விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாவது உங்களுக்கென்று எடுத்து எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். அன்றைக்குப் பகலில் தூங்க வேண்டாம், ராத்திரி தூக்கம் தானாக வரும்.

உங்கள் வேலை நேரத்தைப் பற்றி ஒரு டாக்டர் என்ன சொல்லிவிட முடியும்? ஆனாலும் கேட்கிறேன். உங்கள் டீமில் எத்தனை பேர்? பையர் கால் தினமும் நீங்கள்தான் எடுக்க வேண்டுமா, வாரத்தில் இரண்டு நாள் வேறொருவர் எடுக்க முடியாதா? இதைச் சீட்டில் எழுதிக்கொடுக்கச் சொன்னால் எழுதிக்கொடுக்கிறேன். ரத்த அழுத்தமும் தூக்கமின்மையும் இருக்கும் ஊழியருக்கு இரவு வேலையைக் குறைக்கும்படி மருத்துவச் சான்று கொடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. சில நிறுவனங்கள் மதித்திருக்கின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வந்தால், மூலிகையும் வேண்டாம், எனக்குக் கடிதமும் வேண்டாம். 14416 டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். 104ஐயும் அழைக்கலாம்.

மூடி வைத்த பாட்டில்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். திறக்காததைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுங்கள். திறந்ததைத் தூக்கிப் போட வேண்டாம், டெஸ்ட் முடிவோடு டாக்டரிடம் போகும்போது பையில் எடுத்துப் போங்கள். கணவரும் அவருடைய டாக்டரிடம் அதையே எடுத்துப் போகட்டும். லேபிளை அவர்கள் கண்ணால் படிப்பது நல்லது. அடுத்த கடிதத்தில் டி.எஸ்.எச். எண்ணையும், காபி எத்தனை மணிக்கு நகர்ந்தது என்பதையும் எழுதுங்கள்.